நிலம் முந்துமா? கடல் முந்துமா?



என் தாத்தா சங்கு குளித்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றிப் பேச்சு வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார். "காலைல ஆறரைக்கே சுமத்ராகிட்ட பூமி குலுங்கிருக்கு. நம்ம கரைக்குத் தண்ணி வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள ஒருத்தரும் ஏம்ல சொல்லல?"

விடை தேடினேன். நில அதிர்வின் முதல் அலை நொடிக்குச் சுமார் 8 கி.மீ. ஓடும். 2000 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய 4 நிமிடத்தில் கடந்துவிடும். சுனாமியோ ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 800 கி.மீ.தான். ஆக, நிலம்தான் முந்தும்! ஆனால் அன்று அந்தச் செய்தியை வாங்கி, கணக்குப் போட்டு, கரைக்குச் சொல்ல இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு மையம் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8000 பேர் இறந்தார்கள். நமக்கு இலங்கை ஓரளவு மறைவாக நின்றது. நாகப்பட்டினத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. அதற்குக் காதுகள் நில அதிர்வு நிலையங்கள். அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்), லட்சத்தீவில் மினிக்காய் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் உண்டு. பதிவுகள் செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் வந்து சேரும்.

தீவில் எதற்கு? அதிர்வில் வேகமான அலை முதலில் வரும், மெதுவான அலை பிந்தி வரும். இடைவெளி 1 நொடி என்றால் தூரம் சுமார் 8 கி.மீ.; 25 நொடி என்றால் 200 கி.மீ. ஒரு நிலையம் தூரத்தைச் சொல்லும், திசையைச் சரியாகச் சொல்லாது. மூன்று நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டால், மூன்றும் சந்திக்கும் இடம்தான் பூகம்பம் வந்த இடம்.

கடலில் தாத்தா இடம் பிடிப்பது எப்படி? பனிமய மாதா கோயில் கோபுரம் ஒரு பக்கம், முயல் தீவு கலங்கரை விளக்கம் மறுபக்கம் பார்ப்பார். இரண்டு அடையாளமும் ஒரே பக்கம் இருந்தால் இடம் தப்பிவிடும். அதுபோல நிலையங்கள் எல்லாம் நிலப்பகுதியிலேயே இருந்தால் கணக்கு பிசகும். அதனால்தான் நடுக்கடல் தீவும் வேண்டும்.

2012 ஏப்ரல் 11 மதியம், சுமத்ரா அருகே மீண்டும் 8.6 அளவில் பூகம்பம். சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை வந்தது. கடல்தரை மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய சுனாமி வரவில்லை. கடல்மட்டக் கருவிகளைப் பார்த்த பிறகு எச்சரிக்கையை விலக்கினார்கள்.

இதைப் படித்துக் காட்டியதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மெஷின் சொல்லும், சரி. கேக்குறவன் ஓடணும்லா?"

ஆகவே நண்பர்களே, எச்சரிக்கை வந்தாலோ, நிலம் பலமாகக் குலுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்கவும் சிப்பி பொறுக்கவும் போகாதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள்!