முன்னால் டிக்கி, பின்னால் இன்ஜின்

ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ஜெர்மனி

பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம்தான் இருக்கும். இன்ஜின் பின்புறம், அதைக் காற்றே குளிர்விக்கிறது, ரேடியேட்டர் கிடையாது. 1949-ல் பென் பான் என்ற டச்சு வணிகர் இதை நியூயார்க்கில் இறக்கினார். நீளமான, குரோமியம் மின்னும் கார்களுக்குப் பழகிய அமெரிக்கர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு விற்றவை இரண்டே. போர் முடிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹிட்லர் காலத்தில் பிறந்த கார் என்ற கறையும் ஒட்டியிருந்தது. 1959-ல் தொடங்கிய விளம்பரங்கள் அதன் சிறிய உருவத்தையே பெருமையாகச் சொல்லின: வெற்றுத் தாளின் ஓரத்தில் சின்னஞ்சிறு கார்ப் படம். துணிச்சலான வேலை அது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் ஆண்டு விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது.

சிறிய காரின் தேவையைக் கோவையும் உணர்ந்திருந்தது. 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். மக்கள் பார்த்துப் பழக பீட்டிலுக்குப் பத்தாண்டு கிடைத்தது; நம் ஊர்க் காருக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை. அரசு உரிமம் தர மறுத்தது, உற்பத்தி நின்றது.