வலியைக் குறைக்க எவ்வளவு செலவாகும்?

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தர், "பாலியேட்டிவ் கேர்னா கைவிட்டாச்சுன்னுதானே அர்த்தம்?"னு எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் அக்கா எழுந்து வெளியே போயிட்டா.

உண்மையில், குழந்தைகளுக்கு நோயைக் கண்டுபிடிச்ச நாளிலிருந்தே இது தொடங்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீமோ பாட்டுக்கு நடக்கும். வலி, வாந்தி, பயம், வீட்டுல இருக்கிறவங்க அழுகை, இதெல்லாம் இவங்க வேலை.

செலவா? மார்ஃபின் மாத்திரை விலை குறைந்ததுதான். ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியில பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினாங்க. பணம் கரையிறது வேற இடத்துல: பஸ், வாடகை ரூம், அப்பா லீவு போட்ட நாள் சம்பளம், கடைசியில ஐ.சி.யூ. நர்ஸ் வீட்டுக்கே வந்தா இதுல நிறைய மிச்சமாகும். 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல அந்தச் சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அக்கா மூணு வாரம் கழிச்சுதான் சம்மதிச்சா. மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கு ராத்திரி பையன் விடியிற வரைக்கும் தூங்கினான்.