ஒற்றையடிப் பாதை - 14: கோவிவன்

செங்கத்தில் கிளம்பி, போன வாரம் ஒரு வேடியப்பன் கோயிலில் நின்றோம். சாமியாகக் கும்பிடப்படுவது நடுகல்தான் என்பது வரை சொல்லியாயிற்று. நடுகல் எடுக்கும் சடங்குகளை இந்த வாரம் எழுத வேண்டும். ஆனால் ஏழு நாளாக என்னை வேறு எதையும் நினைக்க விடாமல் கூடவே இருக்கிறான் கோவிவன்.

கோவிவன் ஒரு நாய். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் அவன் பெயர் பொறித்த கல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1,400 வருடத்துக்கு முன்பு. வட்டெழுத்தில் சில வரிகள். வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் இருந்த இளமகன் கருந்தேவக்கத்தி, தன் எருமைகளுக்காகப் போராடிப் பட்டான். பெரும்பாலான நடுகற்களில் செய்தி இதோடு முடிந்துவிடும். இந்தக் கல்லில் மட்டும் இன்னொரு வாக்கியம்: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள்.

யார் சொல்லி அந்த வரி சேர்ந்திருக்கும்? அந்த நாயைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைத்த யாரோ ஒருவர், கல் செதுக்குகிற இடத்துக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அதே மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சமஸ்கிருத நாடகம் எழுதியவன். காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. பௌத்த பிக்குமேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் எடுத்துப் போனது ஒரு நாய். மன்னனின் நாடகத்தில் நாய் திருடியது. மன்னனின் நாட்டில், எருமை மேயும் காட்டில், ஒரு நாய் திருடனைக் கடித்தது. இரண்டையும் ஒரே இரவில் படித்தேன். தூக்கம் வரவில்லை.

இந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி நூல் புதிதல்ல. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பரிசில் தேடிப் போகும் கூத்தரிடம், பிரிவழிகளில் பெயரெழுதிய கற்கள் மிகப் பல நிற்கும், அவற்றுக்காக இசை எழுப்பிவிட்டு நடங்கள் என்கிறது அது. 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியைப் புரட்டினால், அந்த 'மிகப் பல' எவ்வளவு உண்மை என்று தெரியும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கல்லுக்கு எண்ணெய் வையுங்கள், பூப் போடுங்கள். பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள். எழுத்தின் பள்ளம் அடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பெயரைப் படிக்க முடியாது.

காட்சி தொடங்கி வாழ்த்தல் வரை தொல்காப்பியம் அடுக்கும் ஆறு நிலைகளை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்கு முன் விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே ஒரு சண்டைச் சேவலுக்குக் கல் எடுத்திருக்கிறார்கள்.

(தொடரும்)