கூலிம்: மூன்றா, ஆறா, பதினெட்டா?

மாணவர்களே, ‘கூலிம்’ என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள்? கூ, லி, ம் என்று மூன்று சொல்வீர்கள். பைதான் மொழியின் ‘லென்’ என்ற கட்டளையைக் கேட்டால் 6 என்கிறது. சி மொழியின் ‘ஸ்ட்ர்லென்’ 18 என்கிறது. யாரும் தப்பாக எண்ணவில்லை. யூனிகோடில் ‘கூ’ என்பது ‘க’வும் துணைக்குறியுமாக இரண்டு குறியீடுகள், ‘ம்’ எழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடு. ஆக மொத்தம் ஆறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். ஸ்ட்ர்லென் எண்ணுவது பைட்டுகளை. சுழியம் மதிப்புள்ள பைட் வந்ததும் நின்றுவிடும்.

இந்த ஸ்ட்ர்லென்னைப் பைதானிலிருந்தே அழைக்கலாம் என்பதுதான் சுவையான செய்தி. 1972-இல் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் எழுதப்பட்ட பல செயற்கூறுகள், இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுத் தனிக் கோப்புகளாக உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. விண்டோஸில் இவற்றின் பெயர் ‘டிஎல்எல்’ என்று முடியும், லினக்ஸில் ‘எஸ்ஓ’. நிரல் ஓடும்போதுதான் இவை நினைவகத்தில் ஏறும். ஒரே பிரதியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும். இவையே இயங்குநிலை நூலகங்கள். அவற்றைத் திறக்கும் ‘சிடைப்ஸ்’ என்ற கருவி, 2006-இல் வந்த 2.5 பதிப்பு முதல் பைதானுடனேயே கிடைக்கிறது.

இனிதான் கவனம் தேவை. நூலகக் கோப்பில் செயற்கூற்றின் பெயரும் அது இருக்கும் இடமும் உண்டு. அது என்ன வகைத் தரவை வாங்கும், என்ன வகையைத் திருப்பித் தரும் என்ற குறிப்பு கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால், விடை முழு எண்தான் என்று சிடைப்ஸ் வைத்துக்கொள்ளும். வர்க்கமூலம் காணும் ‘ஸ்கொயர்ரூட்’டை அப்படி அழைத்துப் பாருங்கள். 2-க்கு 1.414 வராது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முழு எண் வரும். கூலிமில் ஆலை வைத்திருக்கிறதே இண்டெல், அதன் 64 பிட் சில்லுகளில் முழு எண் விடை ஒரு பதிவகத்திலும் தசம விடை வேறொரு பதிவகத்திலும் வைக்கப்படும். பைதான் தவறான பெட்டியைத் திறந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்ச் சொல்லுக்கு நேர்வது இன்னும் மோசம். ‘கூலிம்’ என்பதை பைட்டாக மாற்றாமல் அப்படியே ஸ்ட்ர்லென்னிடம் கொடுத்தால், லினக்ஸ் கணினியில் விடை 2. அலோர்ஸ்டார், பீடோங், லூனாஸ் எதைக் கொடுத்தாலும் அதே 2! அங்கே சிடைப்ஸ் ஒவ்வொரு குறியீட்டையும் 4 பைட்டாக அனுப்புகிறது. தமிழ்க் குறியீட்டுக்கு முதல் இரண்டு பைட்டே போதும். மற்ற இரண்டும் சுழியம். மூன்றாம் பைட்டிலேயே ஸ்ட்ர்லென் கடையைக் கட்டிவிடுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஒரு தோட்டத்துப் பள்ளியின் பெயர்ப் பட்டியலை இப்படி அளந்தால், பெயர்கள் எல்லாம் இரண்டு பைட்டோடு வெட்டுப்பட்டுப் போகும்.

வழி எளிது. அழைக்கும் முன் ‘ஆர்க்டைப்ஸ்’ மூலம் உள்ளே போகும் வகையையும், ‘ரெஸ்டைப்’ மூலம் வெளியே வரும் வகையையும் சொல்லிவிடுங்கள். பிறகு பொருந்தாத வகையைக் கொடுத்தால் பைதானே தடுத்துவிடும். சொல்லாமல் வெறும் 5 என்ற எண்ணைக் கொடுத்தால், அதை நினைவக முகவரி என்று நம்பி ஸ்ட்ர்லென் போய்ப் பார்க்கும். லினக்ஸில் பைதானே சட்டென்று மூடிக்கொள்ளும்.

‘சுங்கைப்பட்டாணி’ என்று சேர்த்தெழுதிச் சோதியுங்கள். கண்ணுக்கு 8 எழுத்து, பைதானுக்கு 15, ஸ்ட்ர்லென்னுக்கு 45 வரவேண்டும். 2 வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்தானே?