வாட்ஸ்அப்புக்குள் ஒளிந்திருக்கும் 77 இலக்கம்

சூரியநெல்லியில் கொழுக்குமலை சவாரிக்குக் காத்திருக்கும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், போடியில் இருக்கும் தங்கச்சிக்கு “சாயங்காலம் வர்றேன்” என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார் என்று வையுங்கள். அந்தச் செய்தியைப் பூட்ட இரு கைபேசிகளும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்குகின்றன. அந்தக் கணக்கு முழுக்க நடப்பது எதன்மீது தெரியுமா? ஒரே ஒரு பகா எண்ணின் மீது! இதோ ஆள்:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

பயப்படாதீர்கள், இவருக்குச் சுருக்கப் பெயர் உண்டு. 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழியுங்கள், அவ்வளவுதான். 2005-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதர் தேர்ந்தெடுத்த எண் இது.

ஏன் 19? வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம். ஒற்றைப்படை எண்ணைக் கழித்தால் மட்டுமே பகா எண் கிடைக்க வழியுண்டு. 1-ஐக் கழித்தால் வருவதை 7 வகுத்துவிடும். 3-ஐக் கழித்தால் 5 வகுக்கும். 5, 11, 17 மூன்றையும் சாதாரண 3 காலி செய்துவிடும். 9-க்கு 17, 13-க்கு 5, 15-க்கு மறுபடி 7. கழிக்கும் எண் 7 என்றால்தான் கொஞ்சம் அடம்: 3 முதல் 17 வரை எந்தப் பகா எண்ணும் அதை வகுக்காது. ஆனாலும் அதுவும் பகு எண்தான். இப்படி ஒவ்வொன்றாகச் சாய்ந்தபின், 19-இல் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார்!

19 சின்னதாக இருப்பதுதான் என்னை மயிர்க்கூச்செறிய வைக்கும் இடம். 97-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நூறை 97-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே 512-ஐ வகுக்கவே வேண்டாம். ஐந்து நூறுக்கு 5×3, அதோடு 12, மீதி 27. நம் பூதமும் அப்படியே: 255 பிட்டுக்கு மேல் வழிவதை 19-ஆல் பெருக்கிக் கீழே கூட்டினால் போதும், நீள்வகுத்தலே கிடையாது. சாதாரணக் கைபேசியும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய எண் பகா எண்தானா என்று எப்படித் தெரியும்? சோதனைகள் பல உண்டு. அதிர்ஷ்டத்தையோ நிரூபிக்காத யூகத்தையோ நம்பாமல், இலக்கங்கள் கூடினாலும் வேலை வெடித்துப் பெருகாமல் எந்த எண்ணையும் சோதிக்க முடியும் என்று 2002-இல் முதன்முதலாக நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள்!

இன்னொன்று. இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்றார் ஃபெர்மா, ஆய்லர் நிரூபித்தார். 13 என்றால் 4+9. நம் 77 இலக்கத்தாருக்கும் அப்படி ஒரே ஒரு ஜோடி உண்டு. வர்க்கமாகும் எண்கள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 39 இலக்கம். கணினியில் பைத்தான் இருந்தால் இன்றைக்கே தேடிப் பிடியுங்கள்!