தாத்தா மெடல்... அசலா, டூப்பா?

"பாருங்க சார், எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல, பர்மாவுல போட்டிருந்த தொப்பி பேட்ஜ்! உங்களுக்காக ஆயிரம் ரூபாய்!"

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஏதாவது காயலான் கடையில் இப்படிக் குரல் கேட்டால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள். பேட்ஜில் உள்ள கிரீடத்தை உற்றுப் பாருங்கள். 1901-லிருந்து 1952 வரை ராஜாக்கள் ஆட்சி. கிரீடத்தின் மேல்வளைவு பானை வயிறு மாதிரி உப்பி நிற்கும். எலிசபெத் ராணி வந்த பிறகு நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. நம் ராணுவமோ 1950-லேயே கிரீடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு அசோகர் சிங்கத்துக்கு மாறிவிட்டது. அப்புறம் தாத்தா எப்படிப் பள்ளம் விழுந்த கிரீடத்தோடு பர்மாவில் சண்டை போட்டிருப்பார்?

அடுத்து, டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை நீட்டுவார். 1945-ம் வருஷக் காகிதத்தில் 'அரியலூர் மாவட்டம்' என்று இருந்தால் அங்கேயே சிரித்துவிடலாம். அப்போது இரண்டு ஊருமே திருச்சி ஜில்லா. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் அதற்கும் பிறகு!

காக்கிச் சட்டையா? தையலில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் சாம்பலாகும். உருகி உருண்டையானால் அநேகமாக பாலியெஸ்டர். போர் முடிந்த பிறகு கடைக்கு வந்த சரக்கு! பின்னால் போட்ட ஒட்டுத்தையலாகவும் இருக்கலாம், நாலு இடத்தில் பாருங்கள்.

சரி, அசல் எங்கே கிடைக்கும்? உங்க வீட்டுப் பரணிலேயே இருக்கலாம் சார்! முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சிப்பாய்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி. தொழிலாளர் படையில் மூட்டை தூக்கியவர்களுக்கு அதே மெடல் வெண்கலத்தில்! விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம்பர், பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்தில் பதித்திருக்கும். யாராவது அதை ராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருந்தால், 36 மில்லிமீட்டர் வட்டம் கொஞ்சம் இளைத்திருக்கும். ஸ்கூலில் பிடித்த வெர்னியர் காலிப்பர் இதற்காவது உதவட்டும்.

"வெள்ளிதானே... உருக்கி, பாப்பாவுக்குக் கொலுசு பண்ணலாமே?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது இப்படி உருகிப்போன மெடல்கள் ஏராளம். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும்.

வெள்ளிக்குத் தட்டான் விலை சொல்லிவிடுவார். விளிம்பில் இருக்கும் பெயருக்கு? கடல் தாண்டிப் போன அந்த மனுஷருக்கு, பல வீடுகளில் ஒரு போட்டோகூடக் கிடையாது. மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்!