ஆயிரத்தைத் தாண்டாத பாட்டுக்குக் காசு இல்லை

ஆடி 17, 18 நெருங்குகிறது. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடப்பதற்குள் தங்கள் பாட்டை வெளியிட்டுவிட வேண்டும் என்று கொல்லிமலை இளைஞர்கள் சிலர் பரபரக்கிறார்கள். வந்திருக்கும் கடிதங்களில் கேள்விகள் பல, குழப்பம் ஒன்றுதான். பாட்டை ஏற்றியாயிற்று, ஊரே கேட்கிறது, ஆனால் ஸ்பாட்டிஃபையில் கணக்கு நகரவில்லை, காசும் வரவில்லை. ஏன்?

முதலில் தேதி. விழா பெரும்பாலும் ஆகஸ்ட் 2, 3-இல் வரும். ப்ளேலிஸ்ட் தொகுப்பவர்களின் பார்வைக்குப் புதுப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலிலும் பாட்டு சேரும். ஆகஸ்ட் 2-இல் வெளியீடு என்றால் ஜூலை 26-க்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அதற்கும் முன்பே அதை ஏற்றி முடித்திருக்க வேண்டும். தொகுப்பாளர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இனி காசு. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை கிடையாது. 30 விநாடியாவது கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 999 முறை கேட்கப்பட்டாலும் வருமானம் பூஜ்யம். கலைஞரின் பக்கத்தில் அந்தப் பாட்டுக்கு நேரே ஆயிரத்துக்குக் கீழ் என்ற குறி மட்டும் நிற்கும். 12 முறை கேட்டாலும் 900 முறை கேட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

இப்படி மிஞ்சும் பணத்தை நிறுவனம் எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளின் பங்கோடு அது சேர்கிறது. அதாவது நம் மலையின் சோளக்காடு ஊர்ப் பையனின் பாட்டை 900 முறை கேட்டதால் அவனுக்கு வந்திருக்க வேண்டிய சில்லறை, ஏற்கெனவே கோடி முறை ஓடிய சினிமாப் பாட்டுகளின் கணக்குக்குப் போகிறது.

2023 நவம்பரில் இதை அறிவித்தபோது நிறுவனம் ஒரு காரணம் சொன்னது. இத்தகைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் சராசரியாக மாதம் 3 சென்ட், நம் கணக்கில் சுமார் இரண்டரை ரூபாய்தான் சேர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகையை எட்டாததால் அதுவும் பெரும்பாலும் கலைஞர் கைக்கு வருவதில்லை. அதே அறிவிப்பில், இந்தச் சில்லறை முழுவதும் சேர்ந்தால் ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்றும் இருந்தது. தனித்தனியாகப் பார்க்கும்போது மதிப்பற்றது என்று சொல்லப்பட்ட பணம், மொத்தமாகச் சேர்ந்ததும் பகிர்ந்து கொடுக்கத் தகுந்ததாகிவிட்டது. கைக்கு எட்டவில்லை என்றால் எட்டும்படி செய்ய வேண்டும். அதைக் காரணம் காட்டி அடுத்தவருக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 1,000 ஸ்ட்ரீம் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை நிறுவனம் வெளியிடுவதில்லை. சொன்னால் மோசடிக்காரர்கள் அதற்கேற்ப ஏமாற்றுவார்களாம். மோசடி நடப்பது உண்மை. ஆனால் என்ன மதிப்பெண் எடுத்தால் தேறலாம் என்றே தெரியாத தேர்வை எழுதுவது நேர்மையான கலைஞரும்தான்.

மலையில் பாட்டு பரவும் விதத்துக்கும் இந்தக் கணக்குக்கும் பொருத்தமே இல்லை. நல்ல பாட்டு கிடைத்தால் இங்கே வாட்ஸ்அப்பில் எம்பி3-யாக அனுப்புவார்கள். பென்டிரைவில் ஏற்றி வேனில் போடுவார்கள். திண்ணையில் ஒரே போனை நடுவில் வைத்துப் பத்துப் பேர் கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் கணக்கு பூஜ்யம். மூன்றாவதற்கு ஒரே ஆள். "இதைக் கேட்டுப் பாரு" என்று ஊர் முழுக்கச் சிபாரிசு செய்த பாட்டும், யாருமே கேட்காத பாட்டும் அந்த எந்திரத்துக்கு ஒன்றுதான். கொல்லிமலையை ஆண்ட வள்ளல் ஓரி கொடுத்ததில் பாணர் சுற்றம் பசி தீர்ந்து ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடினாரே, அந்த ஓரியின் மலை இது.

எனவே உங்கள் ஊர்க்காரர் பாட்டு பிடித்திருந்தால் ஃபைலை அனுப்பாதீர்கள், லிங்க்கை அனுப்புங்கள். அவரவர் போனில், அவரவர் கணக்கில் கேட்கச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் பிரீமியம் சந்தாதாரர் டவுன்லோடு செய்து கேட்டாலும், போன் மறுபடி இணையத்தில் சேரும்போது அது கணக்கில் ஏறும்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கலாமா? கூடவே கூடாது; பிடிபட்டால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

'டிஸ்கவரி மோட்' என்றால்? பரிந்துரையில் உங்கள் பாட்டுக்குக் கூடுதல் வாய்ப்பு. பதிலுக்கு அந்த வழியில் வரும் ஒலிப்பதிவுத் தொகையில் 30% பிடித்தம். காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்யும் இன்ஸ்டாகிராம் பிரபலம் 'விளம்பரம்' என்று போட்டாக வேண்டும். இங்கே எந்தப் பாட்டு அப்படி வந்தது என்று கேட்பவருக்குத் தனியே காட்டுவதில்லை.

பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும்? 1,000 வரம்பு ஒலிப்பதிவுக்குத்தான். எழுத்து, இசை உரிமைக்கு ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள்.

யூடியூபில்? நீள வீடியோ வழியே விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்.

பாட்டி பாடிய பாட்டை என் பெயரில் பதியலாமா? வேண்டாம், பாரம்பரியப் பாடல் என்று குறித்து, பாடியவர் பெயரைச் சேருங்கள்.

எந்த ஆல்பம் கேட்கலாம்? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), பிறகு 'திருவாசகம்' (2005). இரண்டையும் ஷஃபிளை அணைத்துவிட்டு, முதலிலிருந்து வரிசையாக.